பழைய பாய்மரப் படகு: என்ன தொந்தரவு, எங்கே பார்ப்பது, எவ்வளவு குறைவாகச் செலவழிப்பது

லேசர், என்டர்பிரைஸ், ஆப்டிமிஸ்ட் மாதிரி சின்ன ஃபைபர் பாய்மரப் படகை மூன்றாவது கையாகவோ நான்காவது கையாகவோ வாங்கி, ரிப்பேருக்கு எவ்வளவு ஆகுமோ என்று பயந்துகொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். (லேசருக்கு இப்போது பந்தயங்களில் ஐஎல்சிஏ என்று பெயர், ஆனால் கரையில் இன்னும் எல்லோருக்கும் அது லேசர்தான். சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டியது இதே படகின் ரேடியல் வகை.) பேசுவது சென்னைக் கடலோரத்தை வைத்து. வெயிலும் உப்பும் ஈரமும் இதே அளவு இருக்கிற எந்த ஊருக்கும் இது பொருந்தும்.

முதலில் காசு விஷயம். கையில் இருப்பது கொஞ்சம் என்றால் அதை மூன்று இடத்தில் மட்டும் போடுங்கள்: படகு மிதக்க வேண்டும், பாய்மரம் நிற்க வேண்டும், சுக்கான் கழன்று போகக் கூடாது. இந்த மூன்றில் எது போனாலும் நீந்தித்தான் கரைக்கு வர வேண்டும். மங்கின நிறம், கீறல், பழுப்பேறிய டெக் (படகின் மேல்தளம்) எல்லாம் அழகு சம்பந்தப்பட்டவை, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வாங்கின முதல் வாரமே பெயின்ட் அடித்துவிடுகிறார்கள், அதற்கு அடியில் இருக்கும் வெடிப்பு அப்புறம் கண்ணுக்கே தெரிவதில்லை.

இன்னொரு நல்ல செய்தி, ஃபைபர் வேலைக்கான சாமானுக்கு நாம் வெளிநாட்டுப் படகுக் கடைகளை நம்பியிருக்க வேண்டியதில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரையில் கட்டுமரங்கள் இருந்த இடத்துக்கு ஃபைபர் படகுகள் ஏராளமாக வந்துவிட்டன. அதோடு அவற்றைக் கட்டுகிற, ஒட்டுப் போடுகிற பட்டறைகளும் வந்தன. ரெசின் (இறுகிக் கெட்டியாகும் ஒட்டுத் திரவம்), மேட் (கண்ணாடி நார் விரிப்பு), கேட்டலிஸ்ட் (ரெசினை இறுக வைக்கும் திரவம்) எல்லாம் சில்லறையாகக் கிடைக்கிறது. அந்தப் பட்டறைக்காரர்களிடம் கேட்டால் படகுக்கு வந்த நோயும் தெரிந்துவிடும். நம் சின்னப் பாய்மரப் படகைப் பார்த்து முதலில் சிரிப்பார்கள், அப்புறம் அவர்களே உட்கார்ந்து தட்டிப் பார்ப்பார்கள்.

படகு கனக்கிறது, தூக்கினால் உள்ளே தண்ணீர் சளசளக்கிறது

அதிகம் பேர் கேட்பது இதுதான், அதிகம் பேர் தப்பாகக் கையாள்வதும் இதைத்தான். ஓட்டை எங்கே என்று பார்க்காமல் சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் சிலிக்கானைப் பிதுக்கிவிடுகிறார்கள். சிலிக்கான் பட்ட இடத்தில் அதற்கப்புறம் ரெசினும் ஒட்டாது, பெயின்டும் ஒட்டாது, எவ்வளவு தேய்த்தாலும் அதன் எண்ணெய்ப் பிசுக்கு போவதில்லை. படகில் எங்கே சீலன்ட் தேவைப்பட்டாலும் பாலியூரித்தேன் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

முதலில் எடை போடுங்கள். லேசரின் வெறும் ஹல் (படகின் உடல்) சுமார் 59 கிலோ, ஆப்டிமிஸ்ட் 35 கிலோ. இரண்டு குளியலறைத் தராசை வாங்கியோ கடன் வாங்கியோ, முன்பக்கம் ஒன்று பின்பக்கம் ஒன்று வைத்து, மேலே மரக்கட்டை போட்டு படகை ஏற்றி, இரண்டையும் கூட்டினால் போதும். தண்ணீரை வடித்த பிறகும் எட்டு பத்து கிலோ கூடுதலாக இருந்தால் உள்ளே இருக்கும் ஃபோம் தண்ணீர் குடித்திருக்கிறது, அல்லது முன்னால் வைத்திருந்தவர் ஒட்டுக்கு மேல் ஒட்டாகப் போட்டிருக்கிறார். எது என்று கண்டுபிடித்த பிறகு அடுத்த வேலை.

ஓட்டையைக் கண்டுபிடிக்க சோப்புத் தண்ணீர் போதும். வடிகால் துளையில் ஒரு ரப்பர் குழாயைப் பொருத்தி, சுற்றி டேப் ஒட்டி, வாயால் ஊதுங்கள். மூடின ஹல்லில் காற்று போய்வர ஒரு சின்னத் துளை விட்டிருப்பார்கள், லேசரில் அது நாம் உட்காரும் குழியின் முன்சுவரில் இருக்கும், சோதனை முடியும் வரை அதன் மேல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். டெக்கும் ஹல்லும் சேரும் விளிம்பு, ஒவ்வொரு ஸ்குரூ, சுக்கான் கீல், பெய்லர் (உள்ளே சேரும் தண்ணீரை வெளியேற்றும் வால்வு), டேகர்போர்டு (படகின் நடுவில் மேலிருந்து தண்ணீருக்குள் இறக்கும் பலகை) பெட்டியின் ஓரம் என்று எல்லா இடத்திலும் சோப்புத் தண்ணீரைத் தடவிக்கொண்டே ஒருவர் போக, இன்னொருவர் ஊத, எங்கே குமிழி வருகிறதோ அங்கே மார்க்கர் பேனாவால் வட்டம் போடுங்கள். கம்ப்ரஸர் காற்றை மட்டும் உள்ளே விடாதீர்கள், பெட்ரோல் பங்க் காற்றும் வேண்டாம். ஹல் தாங்காது, நல்ல விளிம்பும் பிரிந்துவிடும். முடிந்ததும் அந்தச் சின்னத் துளையின் டேப்பை மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

அந்தத் துளை எதற்கு என்றால், வெயிலில் கிடந்த படகுக்குள் காற்று சூடாகி விரிகிறது. அப்படியே கொண்டுபோய் கடலில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி வெளியிலிருந்து எதையாவது இழுக்கப் பார்க்கும். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் அதன் வழியாகத் தண்ணீரைத்தான் இழுக்கும். 'பத்து நிமிஷம் ஓட்டினாலே இவ்வளவு தண்ணீர் எப்படி' என்று குழம்புகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. கரையில் இருக்கும்போது வடிகால் மூடியைத் திறந்தே வையுங்கள், இறக்கும்போது மட்டும் மூடுங்கள், மூடியைக் கயிறு போட்டுப் படகிலேயே கட்டிவிடுங்கள்.

குமிழி எங்கே வந்தது என்பதைப் பொறுத்து வைத்தியம் மாறும்.

வடிகால் மூடியில் என்றால் ஓ-ரிங்கை மாற்றுங்கள், மோட்டார் பம்ப் ரிப்பேர் கடையில் அளவு கொடுத்தால் கிடைக்கும். ஸ்குரூவில் என்றால் அதைக் கழற்றி, துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, எபாக்ஸியில் (இரண்டு திரவம் கலந்தால் இறுகும் உறுதியான ரெசின்) கெட்டியாக்கும் பொடி கலந்து அடைத்து, காய்ந்த பிறகு புதிதாகத் துளையிட்டு, சீலன்ட் வைத்து முடுக்குங்கள். அதே துளையில் கொஞ்சம் தடிமனான ஸ்குரூவைத் திணிப்பது ஒரு சீசனுக்குக் கூட வராது.

விளிம்பு பிரிந்திருந்தால் வேலை கொஞ்சம் நீளம். பிரிந்த இடத்தில் மெல்லிய ஆப்பு வைத்து அகலப்படுத்தி, உள்ளே இருக்கும் உப்பையும் மணலையும் நல்ல தண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவைத்து, மடித்த உப்புத்தாளால் தேய்த்து, எபாக்ஸியைத் தள்ளி, இறுக்கிப் பிடிக்க வேண்டும். இவ்வளவு சி-கிளாம்ப் யாரிடம் இருக்கும்? பிவிசி பைப்பை இரண்டு விரல் அகல வளையங்களாக அறுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கீறல் போட்டால் அதுவே கிளிப். பைப் துண்டு ஒன்றில் முழு விளிம்புக்கும் ஆகிவிடும். ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் பாலித்தீன் வையுங்கள்.

லேசரில் இன்னொரு இடம் இருக்கிறது, அதுதான் ஆபத்தானது. பாய்மரம் இறங்கி நிற்கிற குழாய். அதில் வாய்வரை தண்ணீர் ஊற்றி, மட்டத்தைக் குறித்துவிட்டு, டீ குடித்துவிட்டு வாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் அடிப்பகுதி விரிசல் விட்டிருக்கிறது. இதைத் தண்ணீர் கசிவு என்று மட்டும் நினைக்காதீர்கள், காற்று பலமாக அடிக்கிற ஒரு நாளில் பாய்மரம் டெக்கைக் கிழித்துக்கொண்டு சாயப் போகிறது என்பதற்கான முன்னறிவிப்பு அது. பாய்மரத்தின் கீழ்த்துண்டைச் சொருகி முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், சுற்றியிருக்கும் டெக் மூச்சு விடுவது போல ஏறி இறங்கினால் அன்றைக்குக் கடலுக்குப் போக வேண்டாம். சரி செய்ய, பக்கத்தில் டெக்கில் வட்டமாக அறுத்து, கையை உள்ளே விட்டு, குழாயின் அடி ஹல்லோடு சேரும் இடத்தைக் கரடுமுரடாகத் தேய்த்து, கெட்டி எபாக்ஸியால் மூலையை நிரப்பி, அதன் மேல் கண்ணாடித் துணியை (கண்ணாடி நாரில் நெய்தது) மூன்று நான்கு அடுக்கு போட வேண்டும். அறுத்த வட்டத்துக்கு மூடி போட்ட ஜன்னல் பொருத்திவிட்டால் அப்புறம் காயவைக்கவும் அதுவே உதவும்.

அந்தக் குழாயின் அடி ஏன் தேய்கிறது தெரியுமா? மணல். பாய்மரத்தின் அடியில் ஒட்டின கடற்கரை மணலை வைத்து, பாய்மரம் திரும்பத் திரும்ப அதை அரைத்துக்கொண்டே இருக்கிறது. காய்கறி வெட்டுகிற வெள்ளை பிளாஸ்டிக் பலகையில் வட்டமாக ஒரு துண்டு அறுத்து அடியில் போட்டால் ஹல்லுக்குப் பதில் அது தேயும். தேய்ந்தால் வேறு வட்டம். ஒவ்வொரு தடவையும் குழாயையும் பாய்மரத்தின் அடியையும் கழுவிவிட்டுச் சொருகுங்கள்.

ஓட்டை அடைத்தாகிவிட்டது, ஆனால் உள்ளே ஈரம் இருக்கிறது. கடல் தண்ணீர் போன ஹல்லை முதலில் நல்ல தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கொட்டுங்கள். விசித்திரமாகத் தோன்றும், ஆனால் உப்பு உள்ளே இருக்கும் வரை காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், காயவே காயாது. அப்புறம் பழைய கம்ப்யூட்டர் விசிறி ஒன்றை டெக்கில் போட்ட அந்த ஜன்னலில் வைத்து, 12 வோல்ட் அடாப்டரில் ஓட விடுங்கள், வாரக்கணக்கில். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் இதை முயல வேண்டாம், பிப்ரவரிக்கு மேல் பாருங்கள். அப்படியும் எடை இறங்காமல் ஃபோம் ஊறிக் கிடந்தால் வெட்டி எடுத்துவிட்டு வேறு மிதவை வைப்பதுதான் வழி. இறுக்கி மூடின காலி பிளாஸ்டிக் கேன்களை உள்ளே கட்டுவது மலிவான வேலை. எடுத்த ஃபோமின் கன அளவுக்குக் குறையாமல் வையுங்கள், அசையாதபடி பட்டை போட்டுக் கட்டுங்கள்.

டெக்கை மிதித்தால் அமுங்குகிறது

ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொண்டு டெக் முழுவதும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கூர்மையாகக் கேட்கும், பிரிந்த இடத்தில் மந்தமாகக் கேட்கும். எல்லையை மார்க்கரால் வரைந்துவிட்டு, நடுவில் சின்னதாக ஒரு துளை போட்டு, டிரில் முனையில் என்ன வருகிறது என்று பாருங்கள். காய்ந்த தூள் வந்தால் அதிர்ஷ்டம்: மேல் தோலும் நடு அடுக்கும் (இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவில் வைத்த மரம் அல்லது ஃபோம்) ஒட்டு விட்டிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு அங்குலத்துக்கு ஒரு துளை போட்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் எபாக்ஸியை ஏற்றி, பக்கத்துத் துளையில் அது எட்டிப் பார்க்கும் வரை தள்ளி, மேலே பாலித்தீன் விரித்து, தண்ணீர்க் குடம் எதையாவது பாரமாக வைத்தால் முடிந்தது.

ஈரமான, கறுத்த, நாற்றமடிக்கிற மரத்தூள் வந்தால் எபாக்ஸி ஏற்றிப் புண்ணியமில்லை. ஊறின கட்டைக்கு மேல் போய் உட்கார்ந்துகொள்ளும், ஒட்டாது. மேல் தோலை அறுத்து முழுசாக எடுத்து வைத்துக்கொண்டு, அழுகின நடு அடுக்கைச் சுரண்டிவிட்டு, புது பிளைவுட்டோ பிவிசி ஃபோமோ வைத்து, அதே தோலைத் திரும்ப ஒட்டலாம். பிளைவுட் வாங்கும்போது பலகையில் ஐஎஸ் 710 முத்திரை இருக்கிறதா பாருங்கள், மரைன் பிளைவுட்டுக்கான இந்திய தர எண் அது. கடைக்காரர் 'வாட்டர் ப்ரூஃப்' என்று ஐஎஸ் 303 பலகையைக் காட்டுவார், அது வீட்டு அலமாரிக்கு. முத்திரையிலும் நம்பிக்கை இல்லையென்றால் கைப்பிடி அளவு துண்டைக் கேட்டு வாங்கி, பகல் முழுக்கக் கொதிக்க வையுங்கள். 710 பலகைக்கான சோதனையே 72 மணி நேரம் கொதிக்க வைப்பதுதான், உங்கள் அடுப்பில் எட்டு மணி நேரத்திலேயே அடுக்கு பிரிந்தால் அது படகுக்கு ஆகாது.

வெடிப்பு, கீறல், ஓட்டை

வெடிப்பின் வடிவமே பாதி கதையைச் சொல்லிவிடும். ஒரு புள்ளியிலிருந்து நட்சத்திரம் போலக் கிளம்பினால் எதிலோ இடித்திருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் இணைகோடாக ஓடினால் அந்த இடம் வளைகிறது, உள்ளே பலம் போதவில்லை. இரண்டாவது வகையை மேலே மட்டும் நிரப்பினால் அதே கோடு அதே இடத்தில் திரும்ப வரும். உள்பக்கத்திலிருந்து இரண்டு அடுக்கு மேட் போட்டுக் கெட்டியாக்கிவிட்டு அப்புறம் மேலே வாருங்கள். தலைமுடி அளவு கோடு, தட்டினால் ஒலி மாறவில்லை, உள்பக்கம் சுத்தமாக இருக்கிறது என்றால் சும்மா விடுங்கள்.

ஓட்டைக்கு ஒட்டுப் போடுவது எப்படி என்று கேட்டால், ஒட்டின் பலம் சுற்றியிருக்கும் சரிவில்தான் இருக்கிறது. ஹல்லின் தடிமன் 3 மில்லிமீட்டர் என்றால் ஓட்டையைச் சுற்றி 36 மில்லிமீட்டர் வரை சாய்வாகத் தேய்க்க வேண்டும், அதாவது தடிமனைப் போல் பன்னிரண்டு மடங்கு. 'இவ்வளவு நல்ல இடத்தையா கெடுப்பது' என்று மனசு கேட்காது. ஆனால் சரிவில்லாமல் போட்ட ஒட்டு மூடி போலக் கழன்று வரும். 450 கிராம் மேட் ஒரு அடுக்கு சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமன் தரும், அதை வைத்து எத்தனை அடுக்கு என்று கணக்குப் போடுங்கள். மேட்டின் எடையைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் ஆகும்.

ரெசின் பாலியெஸ்டரா எபாக்ஸியா? மலிவு பாலியெஸ்டர்தான். ஆனால் பழைய, காய்ந்த ஃபைபர் மேல் அதன் பிடி அவ்வளவு உறுதியில்லை. தண்ணீருக்கு மேலே, சின்ன ஒட்டு, உட்காரும் இடம் இதற்கெல்லாம் பாலியெஸ்டர் போதும். பாய்மரக் குழாய், சுக்கான் கீல் பதியும் இடம், விளிம்பு இங்கெல்லாம் எபாக்ஸிக்குச் செலவழியுங்கள், தேவைப்படுவது என்னவோ அரை கிலோதான். இரண்டு விஷயம் நினைவிருக்கட்டும். எபாக்ஸி மேல் ஜெல்கோட் (ஃபைபர் படகின் பளபளப்பான மேல்பூச்சு) சரியாக இறுகாது, அங்கே பெயின்ட்தான். அப்புறம் சாதாரண மேட்டில் நூல்களைப் பிடித்து வைத்திருக்கும் பசை பாலியெஸ்டர் ரெசினில் கரைகிற மாதிரி செய்தது, எபாக்ஸியில் கரையாமல் விறைப்பாக நிற்கும். எபாக்ஸிக்கு நெய்த கண்ணாடித் துணி வாங்குங்கள்.

இப்போது கவனம். நம் ஊரில் பாலியெஸ்டர் ரெசினோடு இரண்டு குப்பி தருவார்கள்: ஊதா நிறத்தில் கோபால்ட் ஆக்ஸிலரேட்டர், தண்ணீர் போல இருக்கும் எம்இகேபி கேட்டலிஸ்ட். இந்த இரண்டும் நேரடியாக ஒன்றோடொன்று சேரவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கும். ஒரே ஸ்பூனை இரண்டுக்கும் பயன்படுத்துவது கூட வேண்டாம். முதலில் ரெசினில் கோபால்ட்டை ஊற்றி முழுக்கக் கலக்குங்கள், அப்புறம்தான் கேட்டலிஸ்ட். பல கடைகளில் ஆக்ஸிலரேட்டர் ஏற்கெனவே கலந்த ரெசினே கிடைக்கும், கேட்டு அதை வாங்கிவிட்டால் இந்தத் தலைவலி இல்லை. கேட்டலிஸ்ட் 1 முதல் 2 சதவீதம், அதாவது கால் கிலோ ரெசினுக்கு இரண்டரை முதல் ஐந்து மில்லி, சிரிஞ்சில் அளக்கலாம். மே மாதத்தில் 1 சதவீதத்தை ஒட்டியே நில்லுங்கள், அதற்குக் கீழே போனால் என்றைக்கும் சரியாக இறுகாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் எம்இகேபி குப்பியைத் திறக்காதீர்கள். அது கண்ணில் தெறித்தால் பார்வை போகலாம், தெறித்தால் அந்த நிமிஷமே குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரம் விடாமல் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தேய்க்கும்போது மாஸ்க், நீளக் கை சட்டை. கண்ணாடித் தூள் அரிப்பு ராத்திரி தூங்க விடாது.

விடியற்காலையில் வேலையை ஆரம்பித்து ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். வெயில் ஏறின பிறகு கலந்த ரெசின் கோப்பையிலேயே கொதித்துக் கட்டியாகிவிடும். மொத்தமாகக் கலக்காதீர்கள், ஆழமான கோப்பையில் வைக்காமல் அகலத் தட்டில் ஊற்றினால் சூடு ஏறாது. ஜெல்கோட் காற்றுப் பட்டால் மேலே பிசுபிசுப்பாகவே நிற்கும், அதனால் பூசின உடனே மேலே ஓஹெச்பி ஷீட்டை (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள்) ஒட்டி, கிரெடிட் கார்டால் காற்றைத் தள்ளிவிட்டு விட்டுவிடுங்கள். மறுநாள் உரித்தால் பாதி பாலிஷ் வேலையும் மிச்சம்.

பாய்மரம் கிறீச்சிடுகிறது, கழற்ற வரவில்லை, கம்பியில் துரு

லேசர் பாய்மரம் இரண்டு துண்டு. இரண்டும் சேரும் இடத்தில் மணலும் உப்பும் இறுகிக்கொண்டால் கழற்றவே முடியாது. சுத்தியலைத் தள்ளி வைத்துவிட்டு, வெளித்துண்டின் மேல் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, இரண்டு பேர் எதிரெதிராகத் திருகுங்கள். அலுமினியம் சூட்டில் விரியும். இனிமேல் ஓட்டி வந்ததும் கழற்றி வையுங்கள்.

ஸ்டெயின்லெஸ் ரிவெட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அலுமினியத்தை ஸ்டீல் தின்கிறது, உப்புத் தண்ணீர் நடுவில் நின்று வேலை செய்கிறது. கழற்றி, சுரண்டி, நடுவில் பிளாஸ்டிக் வாஷரோ கிரீஸோ வைத்து மாட்டுங்கள். துளையைச் சுற்றி விரிசல் ஓடியிருந்தால் அந்தத் துண்டின் ஆயுள் முடிந்தது. லேசரின் மேல்துண்டு லேசாக வளைந்திருந்தால் மட்டும் ஒரு வழி உண்டு, ரிவெட்டை டிரில் பண்ணி எடுத்து, பிளாஸ்டிக் காலரை மறுமுனைக்கு மாற்றித் தலைகீழாக்கிச் சொருகுவார்கள். பந்தயக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சிக்கனம்.

என்டர்பிரைஸ் மாதிரி பக்கக் கம்பி உள்ள படகில், பழைய துணியைக் கம்பி மேல் மேலிருந்து கீழே இழுத்துப் பாருங்கள். எங்கே துணி மாட்டுகிறதோ அங்கே ஒரு இழை அறுந்து நிற்கிறது. ஒரு இழைதானே என்று விடக் கூடாது, முழுக் கம்பியையும் மாற்றுங்கள், இரண்டு பக்கமும். கடையில் காந்தம் வைத்துப் பார்த்து '316 சார்' (உப்பை நன்றாகத் தாங்கும் ஸ்டெயின்லெஸ் ரகம்) என்று சொல்வதை நம்பாதீர்கள், சாதா ரகமான 304-ம் காந்தத்தில் பெரிதாக ஒட்டாது, காந்தத்தால் இரண்டையும் பிரிக்க முடியாது. 304 ஆக இருந்தால் துரு சீக்கிரம் பூக்கும், கண் வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். கம்பியை விட அதிகம் கைவிடுவது முனையில் இருக்கும் பின்களும் அவற்றின் வளையங்களும். சில்லறைக் காசு சாமான், பழசை நிமிர்த்தித் திரும்பப் போடாமல் புதுசு போட்டு, மேலே டேப் சுற்றுங்கள்.

டில்லர் (சுக்கானின் கைப்பிடி) கையை இழுக்கிறது, படகு காற்றுக்குள்ளேயே மூக்கை நுழைக்கிறது

சுக்கான் பலகை முழுக்கக் கீழே இறங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதிப் பேருக்குப் பிரச்சனை இங்கேயே முடிந்துவிடும். பலகை பின்னால் தூக்கிக்கொண்டு நின்றால் டில்லர் பல மடங்கு கனக்கும், கீழே பிடித்து இழுக்கும் கயிறு நழுவுகிறதா, கிளீட்டின் (கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் சாமான்) பல் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது சரியென்றால், படகு ரொம்பச் சாய்ந்து ஓடுகிறதா? சாய்ந்த படகு தானாகவே காற்றை நோக்கித் திரும்பும், அது ரிப்பேர் இல்லை, பாயைக் கொஞ்சம் விட்டு உடம்பை வெளியே தள்ளி உட்காருங்கள். அப்புறம் பாய்மரம் ரொம்பப் பின்னால் சாய்ந்திருக்கிறதா பாருங்கள். முன்கம்பியை ஒரு துளை இறுக்கி, பக்கக் கம்பிகளை ஒரு துளை தளர்த்துங்கள். சுழலும் சென்டர்போர்டு (படகின் நடுவில் தண்ணீருக்குள் இறங்கும் பலகை) உள்ள படகில் அதைக் கொஞ்சம் தூக்கினாலும் குறையும், ஏனென்றால் தூக்கும்போது பலகை பின்னால் போகிறது. எல்லாம் செய்தும் இழுத்தால் பாய் தொங்கிப்போயிருக்கிறது, கீழே வருகிறேன்.

சுக்கான் கடகடவென்று ஆடினால் கீலின் துளை தேய்ந்திருக்கிறது. லேத் பட்டறையில் நைலான் புஷ் கடைந்து தரச் சொல்லி அடித்துக்கொள்ளுங்கள். சுக்கான் மேலே கிளம்பிவிடாமல் பிடிக்கிற ஸ்பிரிங் கிளிப் துருப்பிடித்து வளைந்திருந்தால் உடனே மாற்ற வேண்டும். படகு தலைகீழாகக் கவிழ்ந்தால் சுக்கான் கழன்று போய்விடும், நடுக்கடலில் தேடப் போக முடியாது. கிளிப் புதுசானாலும் கூடவே ஒரு சின்னக் கயிறு கட்டி வையுங்கள்.

சென்டர்போர்டு சிக்குகிறது

படகைப் பக்கவாட்டில் சாய்த்து, பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். கூழாங்கல், அல்லது தண்ணீரிலேயே கட்டிப் போட்டிருந்தால் சிப்பி. மெல்லிய மரச்சட்டத்தால் கீழிருந்து தள்ளுங்கள், இரும்புக் கம்பி வேண்டாம். பலகை மரத்தால் ஆனதென்றால் ஓரத்தில் வார்னிஷ் போய், ஊறிப் பருத்திருக்கும். காயவைத்துத் தேய்த்து எபாக்ஸி பூசுங்கள். திருகாணி வழியாகத் தண்ணீர் கசிந்தால் ரப்பர் வாஷர் மாற்ற வேண்டும், பழைய சைக்கிள் ட்யூபில் வெட்டினாலே போதும்.

பாய் கிழிந்தது, அல்லது கிழியாமலே இழுவை போய்விட்டது

நம் வெயிலில் பாயில் முதலில் சாவது துணி இல்லை, நூல். தையல் மேல் நகத்தால் சுரண்டுங்கள், நூல் அறுந்து வந்தால் முழுப் பாயும் மறுதையலுக்குப் போக வேண்டும். இதற்குப் பாய் தைக்கும் நிபுணர் தேவையில்லை, கார் சீட்டோ தார்ப்பாயோ தைக்கிறவரிடம் ஜிக்ஜாக் மெஷின் இருக்கிறதா என்று கேளுங்கள். நூல் மட்டும் நீங்கள் வாங்கிக் கொடுங்கள், வெயில் தாங்கும் பாலியெஸ்டர் நூலாக. பருத்தி நூலோ சாதா நைலான் நூலோ போட்டுவிட்டால் கூலி வீண். நேர்த் தையல் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள், இழுபட்டால் நூல் அறுந்துவிடும்.

கிழிசலுக்கு ஒட்டு: பாயை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்த பிறகுதான் எதுவும் ஒட்டும், உப்பு மேல் எந்த டேப்பும் நிற்காது. பழைய பாய்த் துண்டை, இழை ஓடும் திசை பொருந்துகிற மாதிரி வெட்டி, மூலைகளை வட்டமாக்கி, ஓரத்தைச் சூடான சால்டரிங் அயனால் உருக்கி, இரட்டைப் பக்க டேப் வைத்து ஒட்டி, சுற்றித் தையுங்கள். ஓரமாக ஒரு துளைக்குப் பக்கத்தில் துணியைப் பிடித்து இழுத்தால் காகிதம் போலக் கிழிகிறது என்றால் அந்தப் பாய்க்குச் செலவே செய்யாதீர்கள்.

கிழியாமலே தொங்கிப்போன பாயை மீட்க முடியாது. பாயின் குழிவு பின்பக்கம் நகர்ந்திருக்கும், படகு சாயும், முன்னே போகாது. இங்கே ஒரு குறுக்கு வழி: பந்தயத்தில் ஓடுகிறவர்கள் நமக்குப் புதுசாகத் தெரிகிற பாயையே போதும் என்று ஒதுக்கிவிடுவார்கள். கிளப்புகளில் விசாரித்தால் சொற்ப விலைக்குக் கிடைக்கும். அதுவும் முடியாவிட்டால், பழகுவதற்கு மட்டும், தார்ப்பாயில் பழைய பாயை அச்சாக வைத்து வெட்டித் தைத்துக்கொள்ளலாம். வேகம் எதிர்பார்க்காதீர்கள், ஆனால் நகரும். எந்தப் பாயானாலும் ஓட்டி முடித்ததும் அலசி, நிழலில் காயவைத்து, மடிக்காமல் சுருட்டி வையுங்கள்.

கயிறு நழுவுகிறது, புல்லி சுற்றவில்லை

பாயை ஏற்றும் கயிற்றுக்கு மீன்பிடி நைலான் கயிறு வேண்டாம், இழுபடும், ஏற்றி இறுக்கின பாய் அரை மணியில் தொய்ந்துவிடும். பாலியெஸ்டர் பின்னல் கயிறு வாங்குங்கள். மெயின்ஷீட் (பாயை இழுத்து விடும் கயிறு) ஒரு இடத்தில் மட்டும் பஞ்சு பிரிந்தால் முனை மாற்றிக் கட்டினால் இன்னொரு பாதி ஆயுள் கிடைக்கும். புல்லிக்கு எண்ணெய் விடாதீர்கள், மணலைக் கூட்டிச் சேர்த்துக்கொள்ளும், வெந்நீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். கிளீட் பிடிக்கவில்லை என்றால் முக்கோண அரத்தால் பல்லைக் கூர்ப்படுத்துங்கள், உள்ளே ஸ்பிரிங் உடைந்திருந்தால் மட்டும் புதுசு.

எல்லாம் முடிந்தது என்று தோன்றும்போது

நேராகக் கடலுக்குப் போக வேண்டாம். காற்று குறைவான காலையில், இடுப்பளவு தண்ணீர், அலை அடங்கின இடம், கூட ஒருவர், இருவருக்கும் லைஃப் ஜாக்கெட். படகை வேண்டுமென்றே பக்கவாட்டில் கவிழ்த்து, கால் மணி நேரம் அப்படியே கிடக்க விடுங்கள், அப்புறம் மறுபக்கமும் அதேபோல். பாய்மரத்தை அடியில் மண்ணில் குத்தவிடாமல் ஒருவர் முனையைப் பிடித்துக்கொள்ளட்டும். நிமிர்த்தி, கரையேற்றி, வடிகால் மூடியைத் திறந்து, வருகிற தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து அளந்து பாருங்கள். ஒரு டம்ளர், இரண்டு டம்ளர் என்றால் ஓட்டலாம். அரை பக்கெட் வந்தால் சோப்புத் தண்ணீரை மறுபடி கலக்குங்கள், பாய்மரக் குழாயிலிருந்து ஆரம்பியுங்கள்.